இரண்டு லிட்டர்

பக்கவாதம் வந்துபோன பிறகு சூப்பர்வைசருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். ‘ஆமா.’

பசிக்கிறதா என்று கேட்டாலும் ஆமா. போதுமா என்று கேட்டாலும் ஆமா. கால் வலித்தாலும், ஜன்னலை மூடச் சொல்ல நினைத்தாலும், யாரையாவது திட்ட நினைத்தாலும், வாயைத் திறந்தால் அதுதான் வந்து விழுந்தது. “இருபத்தெட்டு வருஷத்துல நான் சொன்ன எதுக்கும் ஒரு தடவை ஆமா போட்டதில்ல. இப்ப மொத்தமா சேத்து வெச்சுப் போடுறாரு” என்று அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள். அது முதல் வாரம். பத்து நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த நேரம்.

அவர் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு மேற்பார்வை பார்த்தவர். பதினான்கு பேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். கழுவி முடித்த தரையை அவர் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். குனிந்து, விரலால் ஒரு இழுப்பு இழுத்து, அந்த விரலை முகர்ந்து பார்ப்பார். சில சமயம் அதற்குப் பிறகு வாளியும் துடைப்பமும் மறுபடி வரும். அவருடைய ஆட்கள் அவரை முதுகுக்குப் பின்னால் ‘மூக்கு’ என்றுதான் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மனைவி பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். கல்யாணமான புதிதில் கிண்டலாக அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். கிண்டல் போய் அதுவே பெயராகிவிட்டது. குடியிருப்பு முழுக்க அவள் டீச்சர்தான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சூப்பர்வைசர் குடியிருப்பின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில், ஒரு நீல டிரம்மில் தரை துடைக்கும் திரவம் தயாரிப்பார். ஒரு தடவைக்கு ஐம்பது லிட்டர். இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் காலி பாட்டில்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்தால் பாட்டில் நிறைந்திருக்கும். தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினால் பால் போல வெளுத்துப் பரவும். துடைத்த வீட்டில், மரம் அறுத்த இடத்தில் மழை பெய்தது போல ஒரு வாசனை நாள் முழுக்க நிற்கும்.

டீச்சர் அந்த வேலையை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். இறங்கிப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நோட்டுத் திருத்தும் நாள். பைன் எண்ணெயின் பச்சை வாடை அவளுக்குத் தலைவலி கொடுக்கும். “நீ வராத டீச்சர், அப்புறம் என்னைத்தான் திட்டுவ” என்று அவரும் சொல்லிவிடுவார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கெண்ணெயை அவர் அவளுடைய அடுப்பில் சுட வைத்து எடுத்துக்கொண்டு போவார் என்பதுதான். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவது அவள் பாடு.

நாற்பது நாள் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. முன்னறையில் கட்டில் போட்டார்கள். பகலில் அவருடைய தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். அவள் ஒரு சினிமா தியேட்டரில் மாலைக் காட்சிக்கும் அதற்கடுத்த காட்சிக்கும் டிக்கெட் கொடுக்கிறவள். காலை எட்டு மணிக்கு வந்தால், டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை இருப்பாள். வாய் ஓயாமல் பேசுவாள். பதில் ஆமாவாகவே வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. “எங்க அண்ணன்கிட்ட பேசுறது இப்பத்தான் சுகமா இருக்கு, எதிர்த்துப் பேசுறதே இல்ல” என்பாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் மூக்கைச் சிந்துவாள்.

வீட்டில் ஒரு நாற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பை எங்காவது ஒழுகும். மெத்தை நனையும். துணி மாற்றித் துடைத்தாலும் தரையில் அது தங்கியது. டீச்சர் கடையில் பெரிய பாட்டில் ஒன்று வாங்கிவந்து துடைத்தாள். எலுமிச்சை வாசனை என்று எழுதியிருந்தது. அவர் இருமினார், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு ஒன்று வாங்கினாள். அதற்கும் அப்படித்தான். மூன்றாவதாக, அலமாரிக்கு அடியிலிருந்த அவருடைய பழைய பாட்டில் ஒன்றைக் கண்டெடுத்தாள். அரை பாட்டில் இருந்தது. அதை ஊற்றித் துடைத்தபோது அவர் கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்தார். நெற்றியில் இருந்த சுருக்கம் தளர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை அவள் பார்க்கவில்லை.

தன் உடம்பின் நாற்றம் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூக்கு மட்டும் கொஞ்சமும் பழுதாகவில்லை. ஆறு மாடிக்கு மோப்பம் பிடித்த மனிதர் இப்படிப் படுத்துக்கிடக்கிறார்.

அரை பாட்டில் பன்னிரண்டு நாள் வந்தது.

ஐம்பது லிட்டர் தயாரிக்க அவளால் முடியாது. டிரம்மை உருட்டவே இரண்டு ஆள் வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் கடைப் பாட்டிலுக்கு மாறிவிட்டிருந்தார்கள். அவளுக்கு வேண்டியது இரண்டு லிட்டர்தான். துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் அவர் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ‘50-க்கு: விளக்கெண்ணெய் 3 கிலோ. காஸ்டிக் 600 கிராம். பைன் இரண்டரை லிட்டர். மிச்சம் தண்ணீர்.’ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

“ஐம்பதை ரெண்டாக்கணும்னா இருபத்தஞ்சால வகுக்கணும். என் கிளாஸ் பிள்ளைங்க போடுற கணக்கு” என்றாள் நாத்தனாரிடம். விளக்கெண்ணெய் நூற்றிருபது கிராம், காஸ்டிக் இருபத்து நான்கு, பைன் எண்ணெய் நூறு மில்லி. பள்ளிக்கூடத்து அறிவியல் அறையிலிருந்து சின்னத் தராசைக் கேட்டு வாங்கிவந்தாள். அவருடைய ரப்பர் கையுறைகளைப் போட்டுக்கொண்டாள். விரல் நுனிகள் தொளதொளவென்று தொங்கின.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பார்க்கும்படியாகக் கட்டிலுக்கு எதிரே, பால்கனிக் கதவருகே, ஸ்டூல் போட்டு அதன் மேல் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தாள். அவரும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். தோலை அரிக்கும் காஸ்டிக் காரத்தைத் தண்ணீரில் கரைத்தாள். எண்ணெயைச் சுட வைத்து அதில் ஊற்றிக் கிளறினாள். வெளுத்துக் கெட்டியாகிற மாதிரி இருந்தது. கால் மணி நேரம் கிளறினாள். பைன் எண்ணெயை ஊற்றினாள். தண்ணீரை ஊற்றினாள்.

“சரியா வந்திருக்குங்களா?”

“ஆமா” என்றார். குரலில் ஏதோ அவசரம் இருந்தது. இடது கையைத் தூக்கினார்.

“ஆமான்னுட்டாரு” என்றாள் நாத்தனார்.

பாட்டிலில் ஊற்றி வைத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் தனியாக மிதந்தது. கீழே அழுக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. குலுக்கினால் கலந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி பிரிந்தது.

டீச்சர் பெருக்கல் வகுத்தல் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிழை இல்லை. மறுவாரம் தராசு தவறாக இருக்குமோ என்று பொருள்களை மருந்துக்கடையில் கொடுத்து நிறுத்து வாங்கிவந்தாள். அதே அளவு, அதே வேலை, அதே எண்ணெய். இந்த முறை குலுக்கிக் குலுக்கி அதையே வாளியில் ஊற்றித் துடைத்தாள், வாசனையாவது வரட்டும் என்று. திங்கட்கிழமை காலையில் உள்ளே வந்த நாத்தனார் தரையில் படிந்திருந்த எண்ணெயில் கால் வைத்து, கட்டில் சட்டத்தில் முழங்கை இடிபட விழுந்தாள். கட்டிலில் இருந்தவர் “ஆமா, ஆமா” என்று கத்தினார். இடது கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அவளே கட்டிலைப் பிடித்து எழுந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒண்ணுமில்லண்ணா, ஒண்ணுமில்ல, நான் என்ன கண்ணாடியா” என்று அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. முழங்கை ஒரு வாரம் நீலமாக இருந்தது.

“காஸ்டிக் பத்தலையோ அண்ணி? கொஞ்சம் கூடப் போட்டா பிடிச்சுக்குமோ என்னமோ” என்றாள்.

கூடப் போட்டாள். அது பிரிவது நிற்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் துடைத்ததில் டீச்சரின் விரல்களில் தோல் உரிந்ததுதான் மிச்சம். வகுப்பில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இரண்டு நாள் பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதச் சொன்னாள்.

வாரத்துக்கு ஒரு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வருவாள். அவள் முன்னமே சொல்லியிருந்தாள்: “அவருக்கு நாம சொல்றது பெரும்பாலும் புரியும்மா. வார்த்தைதான் எடுக்க வரல. ஆமான்னு வாய் சொல்லும், மனசு வேற சொல்லிட்டிருக்கும். தலையாட்டுறதையும் நம்பாதீங்க. எழுதவும் வராது இப்போதைக்கு. கையப் பாருங்க, கண்ணப் பாருங்க, பொறுமையா இருங்க.”

பொறுமை டீச்சரின் தொழில். அவள் அட்டைகள் வெட்டிப் படம் வரைந்தாள். எண்ணெய்ப் புட்டி, தண்ணீர்க் குடம், கரண்டி, அடுப்பு, கடிகாரம், வாளி. கட்டில் மேல் பரப்பி, “எதுல தப்பு பண்றேன்? காட்டுங்க” என்றாள். அவர் வெகுநேரம் பார்த்தார். இடது கை மெல்லப் போய்க் கடிகாரத்தின் மேல் உட்கார்ந்தது.

“மணி மூணே கால்” என்றாள் அவள்.

“ஆமா” என்றார். கடிகாரத்தைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

“மூணே காலுங்க. நாலு மணிக்குத்தான் மாத்திரை. பசிக்குதா?”

“ஆமா.”

ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு அட்டைகளைப் புறங்கையால் தள்ளிவிட்டார். எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன.

அடுத்த சனிக்கிழமைதான் அவர் போர்வையை இழுக்க ஆரம்பித்தார். டீச்சர் நான்காவது தடவையாக எண்ணெயில் காஸ்டிக் கரைசலை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் மேல் போர்த்தியிருந்த கம்பளிப் போர்வையை இடது கையால் பிடித்து இழுத்து, அவள் பக்கமாகத் தள்ளினார். “ஆமா” என்றார். அது பாதி கட்டிலிலும் பாதி தரையிலுமாகத் தொங்கியது.

“வேர்க்குதாம்” என்றாள் நாத்தனார். மின்விசிறியைப் போட்டாள்.

அவர் போர்வையை மறுபடி தள்ளினார். இந்த முறை வேகமாக. அது ஸ்டூலில் வந்து மோதியது. பாத்திரம் ஆடியது.

“அய்யோ, காஸ்டிக்குங்க, மேல கொட்டிடும்” என்று டீச்சர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பின்னாலிருந்து ஆமா ஆமா என்று குரல் வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, மெல்லிய பருத்தி விரிப்பைப் போர்த்திவிட்டாள். அவர் அதையும் இழுத்துத் தள்ளினார். கட்டில் சட்டத்தை இடது கையால் அடித்தார். முகம் சிவந்து, வாய்க்கோணலில் எச்சில் வழிந்தது. கடைசியில் கண்ணில் நீர் வந்தது.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். எதைப் போர்த்தினாலும் தள்ளினார். டீச்சர் பாத்திரத்தைக் கையில் எடுத்தால் கத்தினார். நாத்தனார் மூன்று விரிப்பு மாற்றிப் பார்த்தாள், சட்டையைக் கழற்றிப் பார்த்தாள், ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு பெண்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் நல்லவர்தான். நின்று கேட்டார், நாடி பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். “இந்த மாதிரி நோயாளிங்களுக்குப் படபடப்பு வரும். காரணம்னு ஒண்ணு இருக்கணும்னு இல்ல. பிரஷர் ஏறினா ஆபத்து. சின்ன மாத்திரை ஒண்ணு தரேன், அமைதியா இருப்பாரு” என்றார்.

டீச்சர் கணவரைப் பார்த்துக் கேட்டாள். “மாத்திரை வேணுமாங்க? போட்டுக்கிறீங்களா?”

“ஆமா” என்றார் அவர். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்கும் அளவுக்கு அழுத்தினார்.

மாத்திரை வேலை செய்தது. அவர் அமைதியானார். காலையில் எழுப்பினால் எழுந்து, ஊட்டியதைச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி தூங்கினார். போர்த்தியது போர்த்தியபடி கிடந்தது. நாத்தனார் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். “என்னமோ அண்ணி, ஆமாவாவது சொல்லிட்டிருந்தாரு” என்றாள் ஒரு நாள், டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே. எலுமிச்சை வாசனையில்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

மாத்திரை ஆரம்பித்துப் பதினோராவது நாள், நான்கு மாதமாக மகள் வீட்டில் இருந்துவிட்டு மேல்மாடிக் கடிகாரக்காரர் திரும்பி வந்தார். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். டிரம்மில் துடுப்புப் போட்டுக் கிளறும்போது எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள சூப்பர்வைசர் அனுமதித்த ஒரே ஆள். விஷயம் கேள்விப்பட்டு நேராக வந்தார். தூங்குகிறவரின் காலருகே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு பால்கனியில் வரிசையாக நின்ற நான்கு பாட்டில்களைப் பார்த்து, “இது என்ன டீச்சரம்மா, திரிஞ்சு போயிருக்கு?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அட்டையை எடுத்துவந்து காட்டினாள். இருபத்தைந்தால் வகுத்ததைக் காட்டினாள்.

“கணக்கு சரிதான். எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?”

“எதை?”

“காஸ்டிக் ஊத்தினதுக்கு அப்புறம். மூடி போட்டு, மேல ரெண்டு சாக்கு சுத்திடுவாரு. ரெண்டரை மணி நேரம் கிட்ட விடமாட்டாரு யாரையும். நாங்க போய்ச் சாப்பிட்டுட்டு வருவோம். வந்து தொட்டாலும் டிரம்மு கை வைக்க முடியாம கொதிக்கும். அந்தச் சூட்டுலதான் சோப்பா மாறுமாம். அதுக்கப்புறம்தான் பைன், தண்ணி எல்லாம்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் டிரம்முக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். இருபது வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“என் பாத்திரம் கரண்டியக் கழுவுறதுக்குள்ள ஆறிடுது” என்றாள்.

“ஆறத்தானே செய்யும். இத்துனூண்டு இருக்கு. சூடு எங்க நிக்கும்? நீங்க இதை எதுலயாவது நல்லா கனமா சுத்தி…” கடிகாரக்காரர் சொல்லிக்கொண்டே போனார்.

அவள் கேட்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள்ளே கம்பளிப் போர்வை மடித்து வைத்திருந்தது. நாத்தனாரும் அலமாரியைத்தான் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஃபேன் போட்டேனே அண்ணி. வேர்க்குதுன்னு ஃபேன் போட்டேனே.”

டீச்சர் கட்டிலண்டை போய் அவர் தோளைத் தொட்டாள். “என்னங்க. எழுந்திரிங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சு. போர்வையத்தானே சொன்னீங்க? மணி காட்டினது அதுக்குத்தானே?” அவர் இமை பாதி திறந்தது. கண் அவளைத் தாண்டி எங்கேயோ போய் மறுபடி மூடிக்கொண்டது. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் தோளை இன்னும் இரண்டு முறை உலுக்கினாள். கடிகாரக்காரர், “விடுங்கம்மா, தூங்கட்டும்” என்றார்.

அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்தாள். ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, பாதி பாதியாகக் குறைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரமும் அவள் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் தப்பாகச் சொன்னதைத் திருத்தாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் திரவத்தைத் தயாரித்தாள். எண்ணெயைச் சுட வைத்து, காஸ்டிக் கரைசலை ஊற்றி, கெட்டியானதும் மூடி போட்டு, கம்பளிப் போர்வையை நாலாக மடித்து வாயும் அடியும் தெரியாமல் சுற்றிக் கட்டினாள். இரண்டரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டாள், ஒன்றையும் திருத்தவில்லை. அவிழ்த்துப் பார்த்தபோது பாத்திரம் சுட்டது. உள்ளே இருந்தது தேன் மாதிரி ஒளி ஊடுருவித் தெரிந்தது. பைன் எண்ணெய் அதில் ஒரு சுழற்சியில் மறைந்துபோனது. தண்ணீரை ஊற்ற ஊற்ற இளகியது. பிரியவில்லை. சாயங்காலம் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள், பிரியவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் முழுதாக விழித்திருந்தார். கண் தெளிந்திருந்தது. நாத்தனாரும் இருந்தாள். டீச்சர் முன்னறையை மூலை முடுக்கு விடாமல், கட்டிலுக்கு அடியிலும் குனிந்து துடைத்தாள். வாசனை அறை முழுக்க எழும்பியது. பாட்டிலைக் கொண்டுபோய் அவர் இடது கையில் கொடுத்தாள்.

அவர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“சரியா வந்திருக்குங்களா?”

“ஆமா” என்றார். அது எந்த ஆமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக மனசில் எழுதி எழுதி அழித்த வார்த்தைகள் ஒன்றும் வரிசையாக வரவில்லை. “நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் புரியல. மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சுட்டேன். பதினெட்டு நாள். வாயடைச்சுப் போட்ட மாதிரி பண்ணிட்டேன். தப்புதாங்க.”

“ஆமா” என்றார் அவர்.

மன்னித்தாரா, குற்றம் சாட்டினாரா, இல்லை பாட்டிலை எடுத்துக்கொள் என்று சொன்னாரா? அவள் அவர் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பயிற்சிப் பெண் சொன்னபடி பொறுமையாகப் பார்த்தாள். கண்ணில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

“இன்னும் ஏதாவது சொல்லணுமா?”

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இருந்தது. பாட்டிலை மடியில் விட்டுவிட்டு இடது கையை உயர்த்தி, சுவர்ப்பக்கமாகச் சுட்டிக்காட்டினார். “ஆமா, ஆமா, ஆமா” என்றார். ஏற்ற இறக்கத்தோடு, இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, ஒரு நீண்ட வாக்கியம் சொல்லி முடித்தார். எல்லாம் ஆமாதான்.

நாத்தனார் துள்ளி எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவர் கையால் விலக்கினார். பக்கத்திலிருந்த அலமாரியிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடி, சீப்பு, வேலைக்குப் போகும்போது போடும் சட்டை, ரேடியோ என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்தாள். ஒவ்வொன்றையும் அவர் பார்த்தார், “ஆமா” என்றார், விலக்கினார். சுவருக்கு அப்பால் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரரா என்று டீச்சர் கேட்டாள். அலுவலகம் அந்தத் திசையில்தான் இருந்தது. ஆபீஸா, ஆளுங்களா, யாரையாவது கூப்பிடணுமா என்று கேட்டாள். ஸ்விட்சா, கட்டிலைத் திருப்பிப் போடணுமா, அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கணுமா? நாத்தனார் அட்டைப் படங்களைத் தேடிக் கொண்டுவந்து பரப்பினாள். அவர் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. டீச்சர் சுவரண்டை போய் நின்று, கையை வைத்து, “இங்கயா? இங்கயா?” என்று மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு இடத்துக்கும் ஆமா என்று பதில் வந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கட்டில் மேல் சாமான்கள் குவிந்துவிட்டன. நாத்தனாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. டீச்சர் சுவரில் கை வைத்தபடியே நின்றாள். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அவர் கையைக் கீழே போட்டார். தங்கையைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார். பிறகு மெதுவாக, கட்டிலருகே முக்காலியில் மூடி வைத்திருந்த தண்ணீர் டம்ளரைக் காட்டினார்.

“தண்ணியா? தண்ணியா அண்ணா கேட்ட?” நாத்தனாரின் குரல் உடைந்தது. “அண்ணி, தண்ணி கேக்குறாரு. தண்ணியத்தான் கேட்டிருக்காரு.”

டீச்சர் ஓடிவந்து டம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவர் வயிறு முட்டக் குடித்திருந்தார், அவள்தான் கொடுத்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் அவளைப் பார்த்தபடியே, ஒவ்வொரு மடக்காக, டம்ளர் காலியாகும்வரை குடித்தார்.